ஹிட்லர் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்தாராமே, பணம் எங்கிருந்து வந்தது?

நவம்பர் 3, இரவு 10.12 (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பியது: "ஹிட்லர் வந்தபோது ஜெர்மனியில் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. சில வருடத்தில் எல்லோருக்கும் வேலை. வட்டிக்காரர்களை விரட்டிவிட்டு, நாட்டின் பணத்தை நாடே அச்சடித்து, நெடுஞ்சாலை போட்டார். அது பொறுக்காமல்தான் உலகமே அவர்மேல் பாய்ந்தது." கொலைகளை யாரும் நியாயப்படுத்தவில்லை. பொருளாதாரத்தை மட்டும் பார்த்தால் சாதனைதானே? பணத்துக்கு என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நவம்பர் 3, இரவு 11.05

60 லட்சம் சரி. 1933 ஜனவரிக் கணக்கு. மற்றதெல்லாம் சல்லடையில் போட வேண்டியது. வங்கியில் பில் செக்‌ஷனில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். அவர்கள் செய்த முக்கியமான வித்தை பில் செக்‌ஷன் வித்தைதான். காலையில் எழுதுகிறேன்.

நவம்பர் 4, காலை 6.50

முதலில் மேஃபோ.

1933-ல் ரைஷ்பாங்க், அதாவது அவர்களுடைய மத்திய வங்கி, ஹியால்மர் ஷாக்ட் கைக்கு வந்தது. அரசுக்கு இவ்வளவுதான் கடன் கொடுக்கலாம் என்று அந்த வங்கிக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருந்தது. ஆயுதத்துக்குப் பணம் வேண்டும், வரம்பை மீறவும் முடியாது, வெளிநாட்டுக்குத் தெரியவும் கூடாது. அதனால் க்ருப், சீமென்ஸ், ரைன்மெட்டால், குட்டஹாஃப்னுங்ஸ்ஹுட்ட ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களின் பெயரில் ஒரு கம்பெனி பதிவானது. பெயர் உலோக ஆராய்ச்சிக் கழகம், சுருக்கமாக மேஃபோ. ஆராய்ச்சியும் கிடையாது, உலோகமும் கிடையாது. மூலதனம் 10 லட்சம் மார்க் (மார்க் ஜெர்மன் நாணயம்).

பீரங்கி செய்கிற கம்பெனி, அரசிடம் பணம் கேட்காமல் மேஃபோ பேரில் உண்டியல் எழுதும், அதாவது இன்ன தேதியில் இவ்வளவு பணம் தர வேண்டும் என்கிற பில். மேஃபோ கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளும். கம்பெனி அதைத் தன் வங்கியில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளும். வங்கிக்குப் பணம் தேவைப்பட்டால் அதே பில்லை ரைஷ்பாங்கில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம், இதற்கு மறுதள்ளுபடி என்று பெயர். மூன்று மாத பில் என்று பெயர், புதுப்பித்துக்கொண்டே ஐந்து வருடம் வரை இழுக்கலாம். 1934-லிருந்து 1938 மார்ச் வரைக்கும் இப்படி எழுதியது மொத்தம் 1,200 கோடி மார்க். மூலதனம் 10 லட்சம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் கிளையில் ஒரு நூல் மில்காரர் இருந்தார். சரக்கே நகராமல் மைத்துனர் கம்பெனி பேரில் பில் எழுதுவார், மைத்துனர் ஏற்றுக்கொள்வார், நாங்கள் தள்ளுபடி செய்வோம், அதாவது வட்டியைக் கழித்துக்கொண்டு பணம் கொடுப்போம், கெடு வந்ததும் அடுத்த பில்லால் அதை அடைப்பார். இதற்குத் தொழிலில் 'காற்றாடி விடுவது' என்று பெயர். மேஃபோவில் மில்காரர் ஜெர்மன் அரசு, மைத்துனர் மேஃபோ, கிளை மேலாளர் ஷாக்ட். ஒரே வித்தியாசம், எங்கள் மேலாளருக்கு மெமோ வந்தது.

நவம்பர் 4, காலை 7.20

சொல்ல மறந்தது. அந்த பில்களுக்கு வட்டி உண்டு, 4 சதவீதம். வட்டிக்காரரை விரட்டிய கதை இதோடு போகட்டும்.

நவம்பர் 4, மதியம்

"கடன் வாங்கிச் செலவு செய்து பொருளாதார மந்தத்திலிருந்து மீள்வது எல்லா நாடும் செய்வதுதானே, அமெரிக்காவிலும் ரூஸ்வெல்ட் செய்தாரே" என்று ஒருவர். ஆமாம். கடன் வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. எதற்குச் செலவு ஆனது, யார் அடைத்தார்கள் என்பதில்தான் விஷயம்.

1933 ஜூன் முதல் தேதி வந்த ரைன்ஹார்ட் திட்டம், வேலை கொடுப்பதற்கென்றே அறிவித்தது, 100 கோடி மார்க். ஊரறிய விளம்பரம். அதே மாதம் சத்தமில்லாமல் ராணுவத்துக்குப் பேசி முடித்தது எட்டு வருடத்துக்கு 3,500 கோடி. நாட்டின் மொத்த வருட வருமானமே அப்போது 4,500 கோடிக்குப் பக்கம்தான். அதே ஜூனில்தான் வெளிநாட்டுக் கடன்களுக்குத் தவணை கட்டுவதை நிறுத்துகிறோம் என்று ஷாக்ட் அறிவித்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முதல் நோக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. முதல் உலகப் போர் இழப்பீட்டை ஹிட்லர் தூக்கி எறிந்தார் என்பதும் சுற்றுகிறது. 1932 ஜூலையில் லோசான் மாநாட்டிலேயே அது முடிந்துவிட்டது, அவர் பதவிக்கு வரும் முன்பே. பாப்பன், ஷ்லைஷர் என்று அவருக்கு முன்னால் இருந்த இரண்டு பிரதமர்களும் வேலைத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் போனார்கள். மந்தத்தின் அடிமட்டம் தாண்டியாகிவிட்டது. வந்தவர் பெயர் வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 4, இரவு

நெடுஞ்சாலை. 1933 செப்டம்பர் 23, பிராங்பர்ட் பக்கத்தில் ஹிட்லர் மண்வெட்டி பிடித்த படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாலை வேலையில் உச்சத்தில் நேரடியாக இருந்தவர்கள் ஒன்றேகால் லட்சத்துக்குள். 60 லட்சத்தில் அது எத்தனை? படத்துக்கு நல்ல சாலை.

நவம்பர் 5, காலை

வேலையில்லாதோர் எண்ணிக்கை குறைந்தது பொய்யில்லை. 1938-ல் ஆள் பற்றாக்குறையே வந்துவிட்டது. ஆனால் ஒருவரைக் கணக்கிலிருந்து எடுக்கிற வழிகளும் இருந்தன.

திருமணக் கடன் என்று ஒன்று, ஆயிரம் மார்க் வரைக்கும், வட்டி இல்லாமல். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட வேண்டும் என்பது நிபந்தனை. பணமாகக் கொடுக்கவில்லை, கட்டில் பீரோ பாத்திரம் வாங்குவதற்கான கூப்பன். பிள்ளை ஒன்று பிறந்தால் கால் பங்கு தள்ளுபடி, நான்கு பிறந்தால் கடன் தீர்ந்தது. நம்மூர் அதிகாரிகள் படித்தால் பொறாமைப்படுவார்கள்: ஒரே திட்டத்தில் வேலையில்லாதோர் பட்டியலில் ஒரு பெயர் குறைவு, மரக்கடைக்கு வியாபாரம், ராணுவத்துக்கு வருங்கால ஆள். யூதர்களுக்கு இந்தக் கடன் கிடையாது, 'பரம்பரை நோய்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கும் கிடையாது.

அப்புறம் 1935-ல் கட்டாய ராணுவ சேவை, இளைஞர்களுக்கு ஆறு மாதக் கட்டாய உழைப்பு. அரசு வேலையிலிருந்து 1933-லேயே துரத்தப்பட்ட யூதர்களையும் இடதுசாரிகளையும் யார் போய் வேலையில்லாதோர் பட்டியலில் சேர்த்தார்கள்?

நவம்பர் 5, காலை, கொஞ்சம் கழித்து

கூலியை விட்டுவிட்டேன். 1933 மே முதல் தேதியைச் சம்பளத்தோடு விடுமுறை ஆக்கினார்கள். பல வருடமாகத் தொழிலாளர்கள் கேட்டுக் கிடைக்காதது, பெரிய ஊர்வலம், பேச்சு, வாணவேடிக்கை. மறுநாள் காலை தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் அடியாட்கள் புகுந்தார்கள். தலைவர்கள் கைது, நிதி பறிமுதல். கூலி மந்தகால மட்டத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. 1935-லிருந்து 'வேலைப் புத்தகம்', அது முதலாளி கையில் இருக்கும், அவர் தராமல் வேறு வேலைக்குப் போவது கஷ்டம். நானும் சங்கத்தில் இருந்தவன். மே 1-ம் மே 2-ம் அடுத்தடுத்து வருவதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இதற்கெல்லாம் மனிதர்கள் கொடுத்த விலை என்றதும் எல்லோருக்கும் வதைமுகாம்தான் ஞாபகம் வரும். அதற்கு முந்திய படி இது. உற்பத்தி ஏறியது, அதில் தொழிலாளி பங்கு ஏறவில்லை, அந்த இடைவெளியும் ஆயுதத்துக்குப் போன பணம்தான்.

நவம்பர் 5, மாலை

ஷாக்டின் முழுப்பெயர் ஹியால்மர் ஹோரஸ் கிரீலி ஷாக்ட். அப்பா கொஞ்ச காலம் அமெரிக்காவில் இருந்தவர், அங்கிருந்த ஒரு பத்திரிகை ஆசிரியர் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டார். நம்மூரில் லெனின், ஸ்டாலின் இருக்கும்போது நாம் சிரிக்கக் கூடாது.

நவம்பர் 6, காலை

"மக்கள் சேமித்தார்கள், நாடு வளர்ந்தது" என்று ஒரு பின்னூட்டம். சேமித்தார்கள்தான். கையில் சம்பளம், கடையில் சரக்கு இல்லை. 1935 கடைசியில் வெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அந்நியச் செலாவணியைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதா, இரும்புத் தாதுவுக்குக் கொடுப்பதா என்ற சண்டை மந்திரிசபை வரைக்கும் போனது. வாங்க வழியில்லாத பணம் சேமிப்பு வங்கிக்கும் காப்பீட்டுக்கும் போகும். அவை அரசுப் பத்திரத்தில் போட்டாக வேண்டும். டெபாசிட்காரருக்குத் தெரியாமலே அவர் பணம் டாங்கி ஆகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த, பிடித்த என்று சொல்லக் கூடாது, உதாரணம் கார். 'மகிழ்ச்சியால் வலிமை' என்ற அரசு அமைப்பு ஒரு கார் அறிவித்தது. விலை 990 மார்க். வாரம் 5 மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். அட்டை நிறைந்தால் கார். வட்டி கிடையாது, நடுவில் விட்டால் பணம் போச்சு. சுமார் 3,36,000 பேர் கட்டினார்கள். ஒருவருக்குக்கூட கார் வரவில்லை. தொழிற்சாலை போர் வண்டி செய்யப் போய்விட்டது. சீட்டுக் கம்பெனி வாசலில் கூட்டமாக நின்றவர்கள் நம் ஊரிலும் உண்டு, அதனால் இதை விளக்க வேண்டாம். போருக்குப் பிறகு வழக்கு இழுத்து 1961-ல் சமரசம் ஆனது: புது ஃபோக்ஸ்வாகன் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லையென்றால் 100 மார்க் ரொக்கம்.

நவம்பர் 7, இரவு

இது நீளும்.

1931-ல், ஹிட்லருக்கு முன்பு பிரதமராக இருந்த புரூனிங்கின் அரசு ஒரு வரி போட்டது. நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிற பணக்காரர் சொத்தில் கால் பங்கைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். மந்த காலத்தில் பணம் வெளியே ஓடாமல் தடுக்க, 2 லட்சம் மார்க்குக்கு மேல் சொத்துள்ளவர்களுக்கு மட்டும். ஹிட்லர் அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. 1934-ல் வரம்பை 50 ஆயிரமாக இறக்கியது, அவ்வளவுதான். ஒரு பக்கம் யூதர்களை ஓட ஓட விரட்டுவது, மறுபக்கம் ஓடுகிறவர்களிடம் வரி. 1932-33-ல் அந்த வரியில் வந்தது சுமார் 10 லட்சம் மார்க். 1938-39-ல் 34 கோடிக்கு மேல்.

வரி கட்டிய பிறகு மிச்சத்தை எடுத்துப் போகலாமா என்றால் அதுவும் முடக்கப்பட்ட கணக்குக்குப் போகும். அதை வெளிநாட்டுப் பணமாக மாற்ற அரசு வங்கி சொன்ன விலைதான். 1939 வாக்கில் 100 மார்க்குக்குக் கையில் வந்தது 4 மார்க் மதிப்பு.

1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர் எல்லோரும் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று ஆணை. நிலம், கடை, பத்திரம், நகை, ஓவியம் எல்லாவற்றுக்கும் படிவம். அந்தப் பட்டியல் நவம்பரில் பயன்பட்டது. நவம்பர் 9 இரவு கடைகளும் வழிபாட்டுத்தலங்களும் எரிந்தன, சுமார் 30,000 ஆண்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். 12-ம் தேதி ஹிட்லரின் வலதுகையான மந்திரி கோரிங் கூட்டம் போட்டார். அடித்ததற்காக அவர் கோபப்படவில்லை, இவ்வளவு மதிப்புள்ள சரக்கை உடைத்தீர்களே என்றுதான் கோபம். கண்ணாடிகள் காப்பீடு செய்யப்பட்டவை, மாற்றுக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வர வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். முடிவு: காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கட்டட்டும், ஆனால் அரசுக்குக் கட்டட்டும். கடையை யூதர் தன் செலவில் பழுது பார்க்கட்டும். அதற்கு மேல் யூத சமூகம் முழுவதற்கும் 100 கோடி மார்க் அபராதம். ஏப்ரல் பட்டியலைப் பார்த்து ஆளுக்கு 20 சதவீதம், பிறகு 25 ஆக்கினார்கள். அபராதத்தை வசூலித்தது வரி அலுவலகம். தவணை, ரசீது, பேரேடு.

எனக்கு உறுத்துவது அந்தப் பேரேடுதான். அடியாள் செய்வதை அடியாள் செய்வான். நாற்காலியில் உட்கார்ந்து தவணை பாக்கி யார் என்று பார்த்த குமாஸ்தா என்னைப் போன்ற ஆள். கூட்டல் சரியாக இருந்தால் சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போகிற ஆள்.

நவம்பர் 8, காலை

"100 கோடி என்பது மொத்தச் செலவில் தூசு, இதை வைத்துப் பொருளாதாரம் ஓடியது என்பது மிகை" என்று எழுதியவருக்கு: ஓடியது என்று நான் சொல்லவில்லை. அந்த வருட வரி வருமானம் சுமார் 1,700 கோடி. அதில் இது 6 சதவீதத்துக்குப் பக்கம். ஆனால் வந்த நேரத்தைப் பாருங்கள். 1938 கடைசியில் கஜானா காலி, மேஃபோ எழுதுவதை நிறுத்தியாகிவிட்டது, அரசுப் பத்திரம் விற்க மாட்டேன் என்கிறது. கெடு நெருங்குகிற கடன்காரருக்கு 6 சதவீதம் சின்னத் தொகையா என்று பில் செக்‌ஷன் ஆளிடம் கேளுங்கள்.

நவம்பர் 8, மாலை

தங்கம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அவர்களுடைய மத்திய வங்கியின் தங்கம் பெர்லினுக்குப் போனது, 78 டன் அளவில். ரைஷ்பாங்க் வெளியே காட்டிய சொந்தக் கையிருப்பைவிட அதிகம். அடுத்த மார்ச்சில் செக் தலைநகர் பிராக். செக் வங்கியின் தங்கத்தில் 23 டன் லண்டனில் பத்திரமாகத்தான் இருந்தது. மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கியான சர்வதேசத் தீர்வு வங்கியின் கணக்கில், இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்தில். பிராக் அதிகாரிகளை மிரட்டி ஒரு மாற்று உத்தரவு வாங்கினார்கள். லண்டன் அதை நிறைவேற்றிவிட்டது. ஒரு கட்டி நகரவில்லை, பேரேட்டில் பெயர் மட்டும் மாறியது.

நவம்பர் 9, இரவு

"போர் வராமல் இருந்திருந்தால் சமாளித்திருப்பார்கள்" என்பது நல்ல கேள்வி. இதில் நான் யோசித்து யோசித்து இடம் மாறியிருக்கிறேன். கடன் மட்டும்தான் பிரச்சினை என்றால் சமாளிக்கலாம். ஆயுதத்தை நிறுத்து, துணியும் வெண்ணெயும் ஏற்றுமதிச் சரக்கும் செய், ஐந்தாறு வருடம் கஷ்டப்படு, முடிந்தது. ஷாக்டும் ரைஷ்பாங்க் இயக்குநர்களும் 1939 ஜனவரி 7-ம் தேதி எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு ஹிட்லருக்கு எழுதியது கிட்டத்தட்ட இதைத்தான்: செலவை நிறுத்துங்கள், நாணயம் போய்விடும். இரண்டு வாரத்தில் ஷாக்ட் வீட்டுக்கு. ஜூனில் புதுச் சட்டம்: அரசுக்கு எவ்வளவு கடன் என்பதை இனி தலைவரே, அதாவது ஹிட்லரே தீர்மானிப்பார். நான் ஆரம்பத்தில் சொன்ன உச்சவரம்பு இங்கே போயிற்று. ஐந்து வருட மேஃபோ பில்களின் முதல் கெடு 1939-ல்தான். வந்தது, அடைக்கவில்லை.

அதனால் பணம் தீர்ந்ததால் போருக்குப் போனார்கள் என்று நான் எழுத மாட்டேன். போருக்காகத்தான் பணமே திரட்டினார்கள். 1936-ல் நான்காண்டுத் திட்டத்துக்கு ஹிட்லரே எழுதிய குறிப்பில் நான்கு வருடத்தில் படையும் பொருளாதாரமும் போருக்குத் தயாராக வேண்டும் என்று நேராகவே இருக்கிறது. கடனை அடைக்க வேண்டியது அடுத்த வீட்டுக்காரர்.

நவம்பர் 10, காலை

அடுத்த வீட்டுக்காரர் எப்படி அடைத்தார் என்று கேட்டார்கள்.

பிரான்ஸ் 'ஆக்கிரமிப்புச் செலவு' என்று நாளுக்கு 2 கோடி மார்க். அதோடு மாற்று விகிதம் ஒரு மார்க்குக்கு 20 பிராங்க் என்று வேண்டுமென்றே உயர்த்தி வைத்தார்கள். ஜெர்மன் சிப்பாய் பாரிஸ் கடைகளை வழித்து வீட்டுக்குப் பார்சல் அனுப்ப முடிந்தது.

ஆள். 1944 கோடையில் ஜெர்மனிக்குள் வேலை செய்த வெளிநாட்டவர், போர்க்கைதிகளையும் சேர்த்து, 76 லட்சம் பேர். போலந்துக்காரர் சட்டையில் 'பி' என்ற எழுத்து, சோவியத் ஆட்களுக்கு 'ஓஸ்ட்' என்ற பட்டை. முகாம் கைதியை, முகாம்களை நடத்திய எஸ்எஸ் என்ற நாஜிப் படை கம்பெனிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டது: தொழில் தெரிந்தவர் 6 மார்க், தெரியாதவர் 4. கைதிக்கு ஒன்றுமில்லை. பிடிபட்ட சோவியத் சிப்பாய்கள் சுமார் 57 லட்சத்தில் 33 லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் பட்டினியிலும் நோயிலும். 60 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தார் என்று ஃபார்வர்டில் பெருமையாகப் போடுகிறவர்கள் இந்த 76 லட்சத்தையும் அதே வரியில் போடலாம்.

நவம்பர் 10, மதியம்

மகள் பிராங்பர்ட் பக்கம் இருக்கிறாள். போயிருந்தபோது ஐரோப்பிய மத்திய வங்கிக் கட்டிடத்தைப் பார்க்கலாம் என்று போனேன், வங்கிக்காரனுக்கு வேறென்ன சுற்றுலா. கண்ணாடிக் கோபுரத்தின் காலடியில் இருக்கும் பழைய செங்கல் கட்டிடம், ஒரு காலத்தில் மொத்தக் காய்கறிச் சந்தை. 1941-லிருந்து அந்நகர யூதர்கள் சுமார் 10,000 பேரை அதன் நிலவறையில் அடைத்து வைத்து அங்கிருந்தே ரயிலேற்றினார்கள். பார்த்தவர்கள் சொன்ன வரிகளைக் கான்கிரீட்டில் பொறித்திருக்கிறார்கள். மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

ரயிலுக்குக் கட்டணம் உண்டு. மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (100 ஃபெனிக் ஒரு மார்க்). 400 பேருக்கு மேல் என்றால் பாதி. பத்து வயதுக்குள் பாதி, நான்கு வயதுக்குள் இலவசம். போவதற்கு மட்டும். எல்லை தாண்டியதும் அவர்கள் 'வெளிநாட்டில் வசிப்பவர்' ஆகிறார்கள், 1941 நவம்பரில் வந்த ஆணைப்படி குடியுரிமையும் சொத்தும் தானாக அரசுக்கு. வீட்டுச் சாமானை வரி அலுவலகம் ஏலம் விட்டது. வாங்கியவர்கள் அதே ஊர்க்காரர்கள்.

நவம்பர் 11, காலை

ஷாக்ட் என்ன ஆனார் என்று இரண்டு பேர். போருக்குப் பிறகு நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் விடுதலை. ஆயுதம் சேர்ப்பது தனியாகக் குற்றமில்லை, ஆக்கிரமிப்புப் போருக்காக என்று தெரிந்தே செய்தார் என நிரூபணமாகவில்லை என்றார்கள். பிறகு டுசெல்டார்ஃபில் சொந்த வங்கி வைத்தார், 1970-ல் 93 வயதில் செத்தார். சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் 1,200 கோடிக்குக் காற்றாடி விட்டவருக்குச் சரக்கு என்னவென்று தெரியாது என்பதை பில் செக்‌ஷனில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

நவம்பர் 12, இரவு

நஷ்டஈடு. கட்டாய உழைப்பாளிகளுக்காக 2000-ல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப் பாதி போட்டு 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை. 2007 வரைக்கும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். முகாம் அடிமைகளுக்கு அதிகபட்சம் 15,000 மார்க், மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. சோவியத் போர்க்கைதிகளை அதில் சேர்க்கவில்லை. அவர்களில் மிஞ்சியவர்களுக்கு ஆளுக்கு 2,500 யூரோ என்று நாடாளுமன்றம் 2015-ல்தான் முடிவெடுத்தது. 20 வயதில் பிடிபட்டவருக்கு அப்போது 90 தாண்டியிருக்கும்.

நவம்பர் 13, காலை

போர்க்காலக் கடனை ஜெர்மனி இன்னும் கிரீஸுக்குத் திருப்பித் தரவில்லையே என்று கிளப்பிய நண்பருக்கு. ஆக்கிரமிப்பில் இருந்த கிரீஸின் மத்திய வங்கியிடமிருந்து 1942-லிருந்து 44 வரைக்கும் 47 கோடியே 60 லட்சம் மார்க் எடுத்தார்கள். பேரே கடன், வட்டி இல்லாத கடன். எடுக்கத் தொடங்கியபோது ஏதென்ஸ் தெருவில் ஜனங்கள் பசியால் விழுந்துகொண்டிருந்தார்கள். 1960-ல் மேற்கு ஜெர்மனி கொடுத்த 11 கோடியே 50 லட்சம் மார்க், நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கானது, இந்தக் கணக்கில் வராது. இரண்டு ஜெர்மனிகளும் இணைவதற்காகப் போட்ட 1990 ஒப்பந்தத்தோடு எல்லாம் முடிந்தது என்கிறது ஜெர்மனி. அதில் கிரீஸ் கையெழுத்துப் போடவில்லை.

வட்டி எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். வட்டியில்லாத பத்திரத்துக்கு வட்டி கேட்பது வக்கீல் வேலை, அதில் நான் தலையிடவில்லை. அசல் பாக்கி. என் கட்சி அவ்வளவுதான். இதற்கு மேல் கிரீஸ் பற்றிச் சண்டை போடுவதென்றால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.